பிராக் நகரச் சிலைகளால் ஆன டாரோட் கட்டு: புத்தகம் இல்லாமல் எப்படிப் படிப்பது?

மைக்கோடு:

வணக்கம். நான் பள்ளியில் ஓவியம் சொல்லித்தருகிறேன். குறி பார்க்கப் பயன்படும் டாரோட் சீட்டுகளில் ஆர்வம் வந்ததே படங்களால்தான். குறி சொல்லிச் சம்பாதிக்கிற எண்ணமெல்லாம் கிடையாது. அவற்றில் பரவலாகப் புழங்கும் ரைடர்-வெயிட் கட்டு எனக்கு நன்றாகப் பழக்கம். 1909-இல் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த 78 படங்களில் எதைக் கேட்டாலும், யார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார்கள் என்பது வரைக்கும் சொல்லிவிடுவேன்.

இப்போது ஒரு தோழி தன்னிடம் சும்மா கிடந்த ‘டாரோட் ஆஃப் பிராக்’ கட்டை எனக்குக் கொடுத்துவிட்டாள். கேரன் மஹோனி, அலெக்ஸ் உகோலோவ் இருவரும் 2003-இல் கொண்டுவந்தது. கூட வந்த புத்தகம் வீடு மாற்றியபோது எங்கோ போய்விட்டதாம். இதில் வரைந்த படங்கள் இல்லை. செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரத்துச் சிலைகள், வீட்டு முகப்புகள், ஓவியங்கள் ஆகியவற்றின் புகைப்படங்களை வெட்டிச் சேர்த்து ஒவ்வொரு சீட்டையும் அமைத்திருக்கிறார்கள். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு சீட்டை எடுத்து வரிசையாக வைத்தால் எனக்குப் பேச்சே வரமாட்டேன் என்கிறது.

ஸ்மித்தின் படங்களில் ஆட்கள் ஏதாவது செய்துகொண்டிருப்பார்கள். எட்டுக் காசு என்ற சீட்டில் ஒருவன் உட்கார்ந்து செதுக்குகிறான், ஆறு வாளில் படகு போகிறது, ஐந்து கிண்ணத்தில் ஒருவர் தலைகுனிந்து நிற்கிறார். அந்தச் செயலைப் பிடித்துக்கொண்டு மேலே போய்விடலாம். சிலை அப்படி இல்லையே. அது சும்மா நிற்கிறது. அதோடு அது ஏற்கெனவே ஒரு புனிதருடையதோ ராஜாவுடையதோ. யாரென்று தெரியாமல் அதன் முகத்தில் நானாக ஒரு பொருளை ஏற்றுவது திருட்டு மாதிரி இருக்கிறது.

ஆகவே கேள்வி: முதலில் ஊரைப் படிக்க வேண்டுமா, சீட்டைப் படிக்க வேண்டுமா? பிராகுக்கு நான் போனதில்லை, போகிற வசதியும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே இந்தக் கட்டைப் படிக்க முடியுமா?

மேஜைவிளக்கு:

அம்மா, சுலபமான விஷயத்தைச் சிக்கலாக்கிக்கொள்கிறீர்கள். எந்தக் கட்டாக இருந்தாலும் எலும்புக்கூடு ஒன்றுதான். மேஜர் என்ற தனிப்பெயர் கொண்ட சீட்டுகள் 22; கிண்ணம், காசு, வாள், கோல் என்று நாலு இனமாகப் பிரிந்த மைனர் சீட்டுகள் 56. பொருள் எண்ணிலும் இனத்திலும் இருக்கிறது. படம் அதற்குப் போட்ட சட்டை. ரைடர் சீட்டை இடது பக்கமும் இந்தச் சீட்டை வலது பக்கமும் வைத்துத் தினம் ஒரு ஜோடி பாருங்கள். சிலை யாருடையது என்ற ஆராய்ச்சிக்குள் போனால் சீட்டு கையைவிட்டுப் போய்விடும். என்னிடம் வருகிறவர்கள் கல்யாணம், வேலை, கடன் என்று கேட்கிறார்கள். செக் நாட்டு வரலாற்றை யாரும் கேட்டதில்லை.

ஒன்றை மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்: 8, 11 ஆகிய எண்களில் எது ஸ்ட்ரெங்த் (வலிமை), எது ஜஸ்டிஸ் (நீதி) என்று. மார்செய் என்ற பழைய பிரெஞ்சு மரபில் ஜஸ்டிஸ் 8, ஸ்ட்ரெங்த் 11. ரைடர் கட்டை வடிவமைத்த வெயிட் மாற்றிப் போட்டார். கட்டுக்குக் கட்டு இது மாறும்.

இருபத்திரண்டாம்_டிராம்:

ஜோடி ஜோடியாக வைத்துப் பார்க்கும் யோசனை சரி. சட்டை என்று சொன்னதுதான் சரியில்லை.

நான் பிராகில் வேலை பார்க்கிறேன். டாரோட் என் மனைவியின் பைத்தியம். அவள் கேட்கிற சிலைகளைத் தேடி வார இறுதிகளில் சுற்றியதில் எனக்கும் ஒட்டிக்கொண்டது. குறி பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அவளுக்கு உண்டு. சண்டை வராமல் இரண்டு பேரும் ஒத்துக்கொண்ட விஷயம் ஒன்று: நகரத்துச் சிலைக்கு, சீட்டில் ஏறுவதற்கு முன்பே ஒரு வாழ்க்கை இருக்கிறது. அதை முதலில் தெரிந்துகொண்டு, அப்புறம் சீட்டின் வழக்கமான பொருளோடு மோதவிட வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் சந்தோஷம், ஆனால் புதிதாக ஒன்றும் கிடைக்காது. முரண்டு பிடிக்கிற சீட்டில்தான் சரக்கு இருக்கிறது.

கீழே உள்ளவை நாங்களாகச் சேர்த்த ஜோடிகள். உங்கள் கட்டில் அதே சிலை அதே சீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறு சீட்டில் வந்தால் இன்னும் நல்லது, யோசிக்க வேலை கிடைக்கும்.

டவர் (கோபுரம்) சீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன். ரைடர் படத்தில் இடி விழுந்த கோபுரத்திலிருந்து இரண்டு பேர் தலைகீழாக விழுகிறார்கள். பிராகில் அதற்குத் தனியாகச் சிலை தேட வேண்டியதில்லை. உயரத்திலிருந்து ஆட்களைத் தள்ளிவிடுவது இந்த ஊர் அரசியலின் ஒரு வழக்கம். 1419-இல் புது நகர மன்றத்தின் சன்னல் வழியாக உறுப்பினர்களைத் தூக்கிப் போட்டார்கள், அவர்கள் செத்தார்கள். 1618-இல் புராட்டஸ்டண்ட் பிரபுக்கள் கோட்டைச் சன்னலிலிருந்து கத்தோலிக்கப் பேரரசரின் பிரதிநிதிகள் ஸ்லவாத்தா, மார்ட்டினிட்ஸ் இருவரையும், கூடவே எழுத்தர் ஃபாப்ரிட்சியுஸையும் தள்ளினார்கள். ஏறக்குறைய 20 மீட்டர் உயரம். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள்! மாதா தாங்கிப் பிடித்தாள் என்றார்கள் கத்தோலிக்கர்கள்; குப்பைமேட்டில் விழுந்தார்கள் என்றது எதிர்த்தரப்பு. எழுத்தருக்குப் பின்னால் பேரரசர் உயர்குடிப் பட்டமே கொடுத்தார், உயரத்திலிருந்து விழுந்ததைக் குறிக்கும் பட்டம். விழுந்தவர்கள் உயிர் தப்பினார்கள். ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து கிளம்பிய முப்பதாண்டுப் போர் ஐரோப்பாவையே நாசமாக்கியது.

இப்போது டவர் சீட்டை எடுத்து வையுங்கள். “திடீர்ச் சரிவு, அகம்பாவம் உடையும்” என்று மனப்பாடமாகச் சொல்ல முடிகிறதா? விழுந்தவர் பிழைத்து, சன்னலுக்கு வெகு தூரத்தில் இருந்தவர்கள் செத்தால் அந்தச் சரிவு யாருடையது? என் மனைவி இப்போதெல்லாம் டவர் வந்தால் “உங்களுக்கு என்ன ஆகும்” என்று ஆரம்பிப்பதில்லை. “உங்கள் பக்கத்தில் யார் நிற்கிறார்கள்” என்றுதான் கேட்கிறாள்.

அந்தப் போரின் தொடக்கத்தைக் கல்லிலும் பார்க்கலாம். சார்லஸ் பாலத்தின் பழைய நகரப் பக்கத்துக் கோபுரம், பீட்டர் பார்லர் கட்டியது. 1621-இல் பேரரசரை எதிர்த்த கிளர்ச்சித் தலைவர்கள் 27 பேரைச் சதுக்கத்தில் கொன்றுவிட்டு, 12 தலைகளை இந்தக் கோபுரத்தில் தொங்கவிட்டார்கள். பத்து வருடம் தொங்கின. இன்று அதன் கீழே எல்லோரும் கல்யாண போட்டோ எடுக்கிறார்கள்.

அடுத்தது ஸ்டார். பாலத்தின் நடுவில் நேபோமுக் யோவான் என்ற குருவானவர், பின்னாளில் புனிதர், நிற்கிறார். 1683-இல் வைத்த வெண்கலச் சிலை, பாலத்தில் இன்று இருக்கும் புனிதர் சிலைகளில் மூத்தது. தலையைச் சுற்றி ஐந்து நட்சத்திரம். 1393-இல் நான்காம் வென்செஸ்லாஸ் மன்னரின் ஆணைப்படி அவரை வல்தாவா நதியில் தூக்கிப் போட்டார்கள். உடல் மூழ்கிய இடத்தில் ஐந்து நட்சத்திரம் மின்னியது என்பது ஐதீகம். அரசி பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை மன்னரிடம் சொல்ல மறுத்தார், அதனால் கொன்றார்கள் என்று பக்தர்கள் சொல்வார்கள். வரலாற்று ஆசிரியர்கள் ஒரு மடத்துத் தலைவர் நியமனத்தில் வந்த தகராறு என்பார்கள். தண்ணீர் இருக்கிறது, நட்சத்திரம் இருக்கிறது, பேரழிவுக்குப் பின் வரும் ஆறுதல் இருக்கிறது. ரைடர் ஸ்டாரோடு கச்சிதமாகப் பொருந்துகிறதல்லவா?

பொருந்தவில்லை. ஸ்டாரில் இருக்கும் பெண் உடை இல்லாமல், எதையும் மறைக்காமல், இரண்டு குடத்தையும் கவிழ்த்து ஊற்றுகிறாள். நேபோமுக்கோ வாயைத் திறக்காததற்காக வணங்கப்படுகிறவர். அவள் எல்லாவற்றையும் கொட்டியதால் நட்சத்திரம், இவர் கடைசிவரை கொட்டாததால் நட்சத்திரம். இந்த ஒரு முரணை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பேசியிருக்கிறோம்.

டெத் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பழைய நகரச் சதுக்கத்து வானியல் கடிகாரம், 1410. மணிக்கு ஒருமுறை எலும்புக்கூடு கயிற்றை இழுத்து மணி அடிக்கும், இன்னொரு கையில் மணல் கடிகாரம். கண்ணாடி பார்க்கிறவன், பணப்பைக்காரன், துருக்கியன் மூன்று பேரும் வரமாட்டோம் என்று தலையாட்டுவார்கள். கடைசியில் சேவல் கூவும். யாரும் சாவதில்லை. அடுத்த மணிக்கு மறுபடியும் இதே நாடகம். டெத் சீட்டு வந்தால் முகம் வெளிறுகிறவர்களுக்கு இதை விவரித்தாலே போதும்.

ஹேங்டு மேனுக்கு (ஒரு காலில் கட்டித் தலைகீழாகத் தொங்குகிறவன்) செக் சிற்பி டேவிட் செர்னியின் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஹுசோவா தெருவில் கூரைக்கு மேலே நீட்டிய கம்பத்தைப் பிடித்துத் தொங்கும் ஃபிராய்டு. காலில் கட்டு இல்லை, ஒற்றைக் கையால் பிடித்திருக்கிறார், இன்னொரு கை பேன்ட் பாக்கெட்டில். எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம், விடவில்லை. லுட்செர்னா அரங்கத்தில் இருப்பது தலைகீழாகத் தொங்கும் செத்த குதிரை, அதன் வயிற்றின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் புனித வென்செஸ்லாஸ். இதில் யார் தலைகீழ்? ராஜா நேராகத்தான் இருக்கிறார், ஏறி வந்த வாகனம்தான் கவிழ்ந்திருக்கிறது. நிறைய அலுவலகங்களுக்கு இந்தச் சீட்டு பொருந்தும்.

ஜட்ஜ்மென்டுக்குக் கோட்டைக்குள் போக வேண்டும். புனித வீட்டுஸ் பேராலயத்தின் தெற்கு வாசலுக்கு மேல் கடைசித் தீர்ப்பை மொசைக்காகப் பதித்திருக்கிறார்கள். 1370-71, நான்காம் சார்லஸ் காலம். கல்லறைகளிலிருந்து ஆட்கள் எழுந்து வருகிறார்கள். ஏறக்குறைய பத்து லட்சம் துண்டுக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியில் பொட்டாஷ் அதிகம். ஈரம் பட்டால் மேலே சாம்பல் நிறத்தில் பூத்துப் படம் மறைந்துவிடும். போட்ட காலத்திலிருந்து பெரும்பாலும் இப்படி மறைந்தேதான் கிடந்தது. 1990-களில் அமெரிக்காவின் கெட்டி நிறுவனத்தோடு சேர்ந்து சுத்தம் செய்து பாதுகாப்புப் பூச்சு பூசிய பிறகுதான் நாம் பார்க்கிறோம். பூச்சையும் விடாமல் கவனிக்க வேண்டும். எக்காளம் ஒருமுறை ஊதினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று அந்தச் சீட்டைப் பற்றிச் சொல்கிறவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

போகாமல் முடியுமா என்று கேட்டீர்கள். தாராளமாக முடியும். பாலத்துச் சிலைகளில் பெரும்பாலானவை இப்போது நகல்கள்தான். மூலச் சிலைகள் பல லாபிடேரியம் என்ற காட்சிசாலையிலும், விஷெஹ்ரத் என்ற பழைய கோட்டையின் நிலத்தடி மண்டபம் ஒன்றிலும் இருக்கின்றன. நேரில் வருகிறவர்களும் நகலைப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்கள்.

சந்தேகப்பிராணி:

கலை வரலாறு படித்தவன் என்ற முறையில் ஒரு எச்சரிக்கை. கதையைத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறார் டிராம்காரர். எந்தக் கதையை? பிராக் வழிகாட்டிகள் வானியல் கடிகாரத்தைச் செய்தவர் ஹனுஷ் என்றும், இன்னொன்று செய்துவிடக் கூடாதென்று நகர மன்றம் அவர் கண்ணைக் குருடாக்கியது என்றும் உருகிச் சொல்வார்கள். அதைச் செய்தவர் கதான் ஊரைச் சேர்ந்த மிக்குலாஷ். கண் போன கதை பின்னால் கட்டியது. டாரோட்டுக்கும் இதே வியாதி உண்டு. 15-ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகப் பிறந்ததை, 1781-இல் கூர் த ஜெபலின் என்ற பிரெஞ்சுக்காரர் எகிப்தியரின் ரகசிய ஞானம் என்று எழுதிவைத்தார். அதற்கு அவரிடம் ஆதாரம் எதுவும் இல்லை. செக் நாட்டிலும் ஆஸ்திரியாவிலும் இன்றும் 54 சீட்டு வைத்து டாரோக் விளையாடுகிறார்கள். யாரும் எதிர்காலம் பார்ப்பதில்லை, பாயின்ட் எண்ணுகிறார்கள்.

மற்றபடி கதை முதலில், பலன் அப்புறம் என்ற முறை நமக்குப் புதிதில்லை. கிளி எடுத்துப்போட்ட படத்தை விரித்ததும் ஜோசியர் நேராகப் பலனுக்கா வருகிறார்? படத்தில் இருக்கிற சாமி யார், அந்தக் கட்டத்தில் என்ன நடந்தது என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டுத்தானே உங்கள் விஷயத்துக்கு வருகிறார். மைக்கோடு அவர்களே, ஓவியம் சொல்லித்தருகிறவர் நீங்கள். குறியை விடுங்கள், சிலையைப் பார்க்கப் பழகுங்கள். மத்தியாஸ் பிரவுன் 1710-இல் செய்த புனித லுத்கார்டா சிலையைத் தேடிப் பாருங்கள். சிலுவையிலிருந்து கிறிஸ்து குனிந்து ஒரு பார்வையற்ற துறவியை அணைக்கிறார். சிலை சும்மா நிற்கிறது என்று அதற்கப்புறம் சொல்ல மாட்டீர்கள்.

மைக்கோடு:

எல்லோருக்கும் நன்றி. லுத்கார்டாவைத் தேடிப் பார்த்தேன். சிலுவையில் அறைந்த கையில் ஒன்று விடுபட்டு இறங்கி வருகிறதே, அடேயப்பா. சிலை நிற்கிறது என்ற பேச்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் டிராம் அண்ணா, நீங்கள் மேஜரை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்கள். எனக்குத் தொண்டையில் சிக்குவது மைனர்தான். கிண்ணம், காசு, வாள், கோல். ஏழு கிண்ணத்துக்கும் ஒன்பது கோலுக்கும் நான் எங்கே போய்க் கதை தேடுவேன்?

இருபத்திரண்டாம்_டிராம்:

ஒவ்வொரு எண்ணுக்கும் தேடாதீர்கள். இனத்துக்கு ஒன்று பிடித்தால் போதும், மீதியை எண் பார்த்துக்கொள்ளும். அந்த விஷயத்தில் மேஜைவிளக்கு சொன்னதுதான் சரி.

கிண்ணம் என்றால் எல்லோரும் அன்பு, உணர்ச்சி என்பார்கள். இந்த ஊரில் கிண்ணத்துக்காக ரத்தம் ஓடியிருக்கிறது. திருப்பலியில் ரசத்தைக் குருமார் மட்டுமல்ல, மக்களும் குடிக்க வேண்டும் என்றார்கள் ஹுசைட்டுகள், அதாவது யான் ஹுஸ் என்ற சீர்திருத்தக்காரரின் வழிவந்தவர்கள். கிண்ணம் அவர்கள் கொடியிலேயே ஏறியது. பழைய நகரச் சதுக்கத்துத் தீன் தேவாலய முகப்பில் தங்கக் கிண்ணம் ஒன்று இருந்தது. 1620-இல் வெள்ளை மலைப் போரில் புராட்டஸ்டண்ட் தரப்பு தோற்றதும் அதை இறக்கி உருக்கி, அங்கேயே வைத்த மாதா சிலைக்கு ஒளிவட்டமாக்கிவிட்டார்கள். ஜெயித்தவர்கள் தங்கத்தைக் கூட வீணாக்கவில்லை. கிண்ண இனம் வரும்போதெல்லாம், இதைக் குடிக்க யாருக்கு அனுமதி இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

காசுக்கு பிராக் குரோஷ். 1300-இல் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னர் குட்னா ஹோரா ஊர்ச் சுரங்க வெள்ளியில் அடிக்க ஆரம்பித்த நாணயம். அச்சடிக்கும் வேலைக்கு இத்தாலியிலிருந்து நிபுணர்களைக் கூட்டிவந்தார். உங்களுக்குப் பிடித்த எட்டுக் காசுக்காரன் அங்கே வேலை செய்திருப்பான்.

வாளுக்குப் பாலத்தின் ஓரத்திலேயே, கம்பா தீவுப் பக்கம், பழங்கதை வீரன் புருன்ட்ஸ்வீக் நிற்கிறான். கையில் தங்க வாள், காலடியில் சிங்கம். சொன்ன சொல்லுக்குத் தானே தலையை வெட்டும் மந்திர வாள் என்பது கதை. அது பாலத்துக்குள் புதைந்திருக்கிறது, நாட்டுக்கு ஆபத்து வந்தால் வெளியே வரும் என்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஏன் வரவில்லை என்று இங்கே ஒரு பெரியவரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு பீரை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சிங்கத்தை மேஜர் பக்கமும் தள்ளுங்கள். டிராகனோடு போராடிய சிங்கத்துக்கு இவன் உதவினான், அது தானாகப் பின்னால் வந்தது. கோட்டை வாசலில் வேறு ரகம்: கீழே விழுந்தவனைக் கட்டையாலும் கத்தியாலும் முடிக்கப்போகும் ராட்சசர்கள். ஸ்ட்ரெங்த் எது என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிங்கத்தின் வாயை மெல்ல மூடும் அந்தப் பெண் கம்பா பக்கம்தான் இருக்கிறாள்.

கோலுக்குக் கிடைத்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ரைடர் கட்டில் கோல் எல்லாவற்றிலும் துளிர் விட்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். செக் அரச வம்சத்தைத் தொடங்கிவைத்ததாகப் பழங்கதை சொல்லும் பிரஷெமிசல் ஏர் உழுதுகொண்டிருந்தவன். இளவரசி லிபுஷேயின் தூதர்கள் வந்து கூப்பிட்டபோது கையிலிருந்த தார்க்கோலை மண்ணில் குத்தி வைத்தான், அது மூன்று கிளையாகத் துளிர்த்தது. இரண்டு கிளை உடனே பட்டுப்போனது, ஒன்றுதான் தழைத்தது. தன் வம்சத்தில் நிறையப் பேர் பிறந்தாலும் ஆளப்போவது ஒருவன்தான் என்று அவனே அர்த்தம் சொன்னானாம். மிஸ்ல்பெக் செதுக்கிய லிபுஷே-பிரஷெமிசல் சிலை இப்போது விஷெஹ்ரதில் இருக்கிறது. முதலில் பலட்ஸ்கி பாலத்தில் நின்றது, 1945 பிப்ரவரி குண்டுவீச்சில் பாலம் அடிபட்டதால் இங்கே கொண்டுவந்தார்கள். மூன்று கோல், பத்துக் கோல் எது வந்தாலும் இதைக் கேட்கலாம்: துளிர்த்ததில் எது நிற்கும், எது பட்டுப்போகும்?

தனித்தனி எண்ணுக்கு ஆசையாக இருந்தால் நெருடோவா தெரு இருக்கிறது. 1770-இல் வீட்டு எண் வருவதற்கு முன் கதவுக்கு மேலிருந்த சின்னம்தான் முகவரி. இரண்டு சூரியன், மூன்று வயலின், தங்கக் கிண்ணம், சிவப்புச் சிங்கம். எழுத்தாளர் யான் நெருடா சிறுவயதில் இரண்டு சூரியன் வீட்டில்தான் இருந்தார். சன் சீட்டில் சூரியன் ஒன்றுதான், இங்கே இரண்டு. என் மனைவி அதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை, நீங்கள் முயன்று பாருங்கள்.

மேஜைவிளக்கு:

கோல் கதை நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிற ஆளிடம் முப்பதாண்டுப் போரை ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார்.

இருபத்திரண்டாம்_டிராம்:

அவரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? படிக்கிறவருக்குத்தான் அது. வந்தவரிடம் கேட்க வேண்டிய கேள்வி மட்டும் மாறியிருக்கும்.

மைக்கோடு:

டவரையும் ஸ்டாரையும் எடுத்து வைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் வகுப்பில் பிள்ளைகளுக்கு அந்தத் தார்க்கோல் கதையைச் சொல்லி, மூன்று கிளையையும் வரையச் சொல்லப்போகிறேன். மேலே கிளி ஜோசியத்தைப் பற்றி எழுதியவருக்கு: எங்கள் ஊர்ச் சந்தையில் ஒருவர் இன்னும் உட்காருகிறார். அவருடைய படங்களை ஒருநாள் நிதானமாகப் பார்க்க வேண்டும்.